அருளானந்தர் கையால் ஞானஸ்நானம் வாங்கிய குடும்பமா? பங்கு ஏடுகளில் தேடியதும் கிடைத்ததும்

12 ஜூன் 2022, கேள்வி

எங்கள் பூர்வீகம் சிவகங்கைச் சீமையில் ஒரு கிராமக் கத்தோலிக்கப் பங்கு. "நாம அருளானந்தர் கையால ஞானஸ்நானம் வாங்கின குடும்பம்" என்று அப்பத்தா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். அருளானந்தர் என்றால் ஜான் டி பிரிட்டோ சாமியார். மகளுக்கு வம்சாவளி ஒன்று எழுதிக் கொடுக்க ஆசை. 1690 வரைக்கும் பெயர் எடுக்க முடியுமா? பங்குக் கோயிலில் கேட்டால் காட்டுவார்களா? எங்கிருந்து தொடங்குவது?

12 ஜூன் 2022, இரவு, பதில்

1690 வரை போக முடியாது. எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். ஓரியூரில் சாமியாரை வெட்டும்போது நம்ம ஆள் ஒருத்தன் பக்கத்தில் நின்றான் என்று எங்கள் அப்பத்தாவும் சொல்லும். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் எந்தக் கத்தோலிக்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் இதைக் கேட்கலாம்.

அருளானந்தர் ஓரியூரில் வெட்டுப்பட்டது 1693 பிப்ரவரி 4. அந்தக் காலத்துக் குருக்கள் மேலிடத்துக்கு எழுதிய ஆண்டு மடல்களில் இந்த வருஷம் இத்தனை பேருக்கு ஞானஸ்நானம் என்று எண்ணிக்கை வரும். நம் பாட்டன் பெயர் வராது. 1773ல் அந்தக் குருக்களின் இயேசு சபையையே ரோமில் கலைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கோவாவிலிருந்து வந்த சொற்பக் குருக்கள்தான் இந்தச் சீமை முழுவதையும் நடந்தும் மாட்டுவண்டியிலும் பார்த்துக்கொண்டார்கள். பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தது 1838 வாக்கில். சாமியார் வருஷத்துக்கு ஒருமுறை வந்து பூசை வைத்துவிட்டுப் போகிற ஊரில் எந்த ஏடு எங்கே தங்கும்? எங்கள் பங்கில் இருக்கிற மூத்த ஏடு 1850களில்தான் தொடங்குகிறது. அதுவும் கரையான் விட்டுவைத்த பக்கங்கள்.

தொடங்க வேண்டிய இடம் கோயில் இல்லை, உங்கள் வீட்டில் உயிரோடு இருக்கிற மூத்த பெண். ஆண்களிடம் கேட்டால் நிலத்தையும் வழக்கையும் சொல்வார்கள். யாருக்கு யார் ஞானத்தாய், எந்த ஊரிலிருந்து பெண் எடுத்தோம், எந்தப் பிள்ளை எத்தனை மாதத்தில் செத்தது என்பதெல்லாம் பெண்களிடம்தான் இருக்கும். நான் அப்பத்தாவிடம் கேட்காமல் விட்டேன். அது போய்ப் பதினோரு வருஷம் கழித்துத்தான் தேடத் தொடங்கினேன். நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

13 ஜூன் 2022

நேற்று விட்டது. பங்குச்சாமியிடம் "சர்டிபிகேட் வேணும்" என்று கேட்காதீர்கள். கேட்டால் ஒரு தாளில் பெயர், தேதி, பெற்றோர் என்று நாலு வரி எழுதி முத்திரை வைத்துக் கொடுப்பார்கள். ஏட்டில் உள்ள பாதி விஷயம் அதில் வராது. ஞானத்தகப்பன் எந்த ஊர், ஓரத்தில் என்ன குறித்திருக்கிறது, பக்கத்து வரியில் யார் என்பதெல்லாம் விட்டுப்போகும். பக்கத்தையே கண்ணால் பார்க்க அனுமதி கேளுங்கள். முன்கூட்டியே கடிதம் எழுதுங்கள், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் என்று குறிப்பிட்டு. ஞாயிறு, திருவிழாக் காலம், கல்யாண ஓலை (அறிவிப்பு) வாசிக்கிற மாதங்கள், இவற்றை விடுங்கள். நான் போனது செவ்வாய்க்கிழமை. சாமி பீரோவைத் திறந்து கொடுத்துவிட்டு, சாப்பாட்டு மேசையைத் துடைத்து "இதில் வைத்துப் பாருங்கள், எச்சில் தொட்டுப் புரட்டாதீர்கள்" என்றார்.

அந்தச் செவ்வாயில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி, தாத்தாவுடையது. 1909. அப்பா பெயர், அம்மா பெயர், ஞானப் பெற்றோர் பெயர். அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. சாமி காப்பி வைத்துவிட்டுப் போனது தெரியாமல் ஆறிப்போயிருந்தது.

19 ஜூன் 2022

பெயர் விஷயம். இதில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள்.

தாத்தா பெயர் சின்னப்பன். ஏட்டில் சின்னப்பன் இல்லவே இல்லை. மூன்று மணி நேரம் தேடிய பிறகுதான் உறைத்தது: அங்கே அவர் பாவுலுஸ். பவுல் என்ற லத்தீன் பெயருக்குச் சிறியவன் என்று பொருள். அதைத்தான் பழைய சாமிமார் சின்னப்பர் என்று தமிழில் சொன்னார்கள். ஏடு எழுதும்போது மறுபடி லத்தீனுக்குத் திருப்பிவிட்டார்கள். ராயப்பன் பெத்ருஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேபுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ், தேவசகாயம் லாசருஸ். யாகப்பனும் சந்தியாகுவும் ஒரே யாக்கோபுஸ்.

பெண்கள் பாடு இன்னும் மோசம். அடைக்கலம், ஆரோக்கியம், வியாகுலம், அமலோற்பவம் என்று மாதாவின் ஒவ்வொரு பட்டத்தையும் வீட்டில் ஆசையாக வைத்திருப்பார்கள். ஏட்டில் அத்தனை பேரும் மரியா. ஒரு பக்கத்தில் பதினாறு பிள்ளைகள் என்றால் பெண் பிள்ளைகளில் பாதி மரியாதான். அவர்களைப் பிரித்தறிய அப்பன் பெயரும் ஊரும்தான் வழி.

தமிழ்ப் பெயரை அப்படியே எழுதின சாமிமாரும் உண்டு. அவர்கள் பிரெஞ்சுக் காதால் கேட்டு எழுதியிருப்பார்கள். அருளப்பன் 'ஆர்லப்பென்' என்றும் முத்து 'மூத்தூ' என்றும் கிடக்கும். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், புரிந்துவிடும். நான் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக உரக்கப் படிக்க, சமையல்கார அம்மா உள்ளேயிருந்து "அது சவரியாயி தம்பி" என்று திருத்திக்கொண்டே இருந்தார்.

20 ஜூன் 2022

பிறந்த நாள் பற்றிச் சிறு குறிப்பு. அப்பா பள்ளிச் சான்றிதழில் ஜூன் 10. ஞானஸ்நான ஏட்டில் பிறப்பு அக்டோபர். பள்ளியில் சேர்க்க வாத்தியார் போட்ட தேதி அது. அந்தத் தலைமுறைக்கு ஏட்டை நம்புங்கள்.

3 ஜூலை 2022

"ஏன் எங்கள் ஊர்ப் பெயரே அந்தப் பங்கு ஏட்டில் இல்லை?" என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு காரணம் இருக்கலாம்.

ஒன்று, பங்கு எல்லை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இன்று தனிப் பங்காக இருப்பது நூறு வருஷத்துக்கு முன் பத்து மைல் தள்ளியிருந்த தாய்ப் பங்கின் கிளைக் கிராமமாக இருந்திருக்கும். மறைமாவட்டமும் அப்படித்தான். சிவகங்கை மறைமாவட்டம் 1987ல் வந்தது. அதற்கு முன் மதுரை. 1938க்கு முன் திருச்சி. இது எதற்கென்றால், 1918ல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி ஒவ்வொரு பங்கும் வருஷா வருஷம் ஏடுகளின் நகலை ஆயர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும். பங்கில் ஏடு அழிந்திருந்தால் அந்த வருஷம் ஆயர் எங்கே இருந்தார் என்று பார்த்து அங்கே கேட்க வேண்டும்.

இரண்டாவது காரணம் எங்கள் சீமைக்கே உரியது. பிரெஞ்சு சாமிமார் வந்த பிறகும் கோவா சாமிமார் தங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. போர்த்துக்கீசிய அரசர் பக்கம் அவர்கள், ரோம் நேரடியாக அனுப்பியது இவர்கள். ஊருக்குள் இரண்டு கட்சி. சில ஊர்களில் இரண்டு கோயில், இரண்டு ஏடு. ரோமும் போர்த்துக்கலும் செய்த 1886 ஒப்பந்தத்துக்குப் பிறகும் சில பங்குகள் மயிலாப்பூர் மறைமாவட்டத்தின் கீழேயே நீடித்தன. அண்ணன் பிள்ளை ஒரு கோயில் ஏட்டிலும் தம்பி பிள்ளை இன்னொரு கோயில் ஏட்டிலும் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். குடும்பத்தில் "அவங்க கோவாக் கோயில்காரங்க" என்று யாராவது சொன்ன ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சொல்லை விடாதீர்கள்.

21 ஆகஸ்ட் 2022

நேற்று மறுபடி போனேன். பெரிய விஷயம் கிடைத்திருக்கிறது. கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை.

தாத்தாவுக்கு அவருடைய தாத்தா பெயரைத்தான் வைத்தார்கள் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பேரன் என்றாலே பாட்டன் பேரைத் தாங்குகிறவன்தானே. ஆக ஓட்டனும் சின்னப்பன், அதாவது பாவுலுஸ். அவரைத் தேடி 1870களின் ஏட்டை எடுத்தேன்.

தாது வருஷப் பஞ்சத்தை ஏட்டில் பார்த்தால்தான் தெரியும். 1875 வரை ஒரு பக்கம் நிறைய ஒன்றரை மாதம் ஆகிறது. எழுத்து நிதானமாக, சாய்வாக, மையெல்லாம் ஒரே சீராக இருக்கிறது. 1877க்கு வந்தால் ஒரே தேதியில் ஒன்பது, பதினொன்று, பதினான்கு என்று வரிகள். எழுத்து சிறுத்துவிடுகிறது. தண்ணீர் கலந்த மையோ என்னவோ, வெளிறிப் பழுப்பாக இருக்கிறது. குழந்தைகள் பலருக்கு நேரே 'இன் பெரிகுலோ மோர்திஸ்' என்று இருக்கிறது. சாகும் தறுவாயில் கொடுத்தது என்று அர்த்தம். கொடுத்தவர் பெயர் சாமியார் இல்லை, உபதேசியார் (ஊரில் மறை சொல்லிக் கொடுக்கிறவர்). ஒரு இடத்தில் மருத்துவச்சி. ஒரு வரியில் பெயரே இல்லை. 'ஒரு பெண் குழந்தை, வழியில் கிடைத்தது' என்ற அளவுக்குத்தான் லத்தீன்.

அந்தப் பக்கங்களின் நடுவில், 1877 நவம்பரில்: பாவுலுஸ், சுமார் 30 வயது, பெற்றோர் அஞ்ஞானிகள் (கிறிஸ்தவர் அல்லாதவர்கள்). எங்கள் ஊர். ஞானத்தகப்பன் உபதேசியார்.

எங்கள் ஓட்டன் பஞ்ச காலத்தில் முப்பது வயதில் மறைக்கு வந்தவர். அருளானந்தரும் இல்லை, ஓரியூரும் இல்லை. கஞ்சித்தொட்டி வரிசையில் நின்றவர் என்றுதான் நினைக்கிறேன்.

24 ஆகஸ்ட் 2022

ஒரு விஷயத்தை 21ஆம் தேதி எழுதவில்லை. எழுதாமல் இருப்பது சரியில்லை.

ஏட்டில் சாதிக்கு என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் காலத்து ஏடுகளில் இருக்கும். கோயிலுக்குள்ளேயே சாதி பார்த்து உட்கார்ந்த காலம். வடக்கன்குளத்தில் நடுவே சுவரே இருந்தது, 1910ல்தான் இடித்தார்கள். அந்த 1877 வரியில் சாதிக் கட்டத்தில் இருந்தது நாங்கள் எங்களைச் சொல்லிக்கொள்கிற சாதி இல்லை.

படத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. குடும்ப வாட்ஸ்அப்பில் பெரியப்பா மகன் போட்டது: "இதையெல்லாம் கிளறி என்ன ஆகப் போகுது?" நான் பதில் எழுதவில்லை. எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போய்விட்டது. முப்பது வயதில், ஊரே செத்துக்கொண்டிருக்கும்போது, புதுப் பெயர் வாங்கிக்கொண்டு எழுந்து நின்றவர். அவரிடமிருந்துதான் நாங்கள் வந்தோம் என்றால் எனக்குப் பெருமைதான்.

நீங்கள் ஏட்டைப் படம் எடுத்தால் அந்தக் கட்டத்தோடு குடும்பத்துக்கு அனுப்பும் முன் யோசியுங்கள். உங்கள் வரிக்கு மேலும் கீழும் வேறு குடும்பங்களின் வரிகள் இருக்கின்றன. அவர்கள் இன்றும் அதே ஊரில் இருக்கிறார்கள்.

9 அக்டோபர் 2022

சிவில் ஆவணங்கள் பற்றிக் கேட்டீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்கு அங்கே பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. சிவகங்கை ஜமீன் பகுதி. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும்வரை நிலக் கணக்கு ஜமீனிடம் இருந்தது. அதனால் ரயத்துவாரி (அரசு நேரடியாக உழவரிடம் வரி வாங்கிய) ஊர்களில் கிடைப்பதுபோல் பழைய அரசுப் பதிவு இங்கே கிடைக்காது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் பழைய கிரயப் பத்திரம் இருந்தால் இன்னார் மகன் இன்னார் என்று ஒரு தலைமுறை நகரலாம்.

செண்பகனூரில் இயேசு சபையின் ஆவணக் காப்பகம் இருக்கிறது, கொடைக்கானல் அடிவாரத்தில். (திருத்தம்: அடிவாரத்தில் இல்லை, மலைமேல், கொடைக்கானலுக்குக் கொஞ்சம் முன்னால்.) அங்கே தேட வேண்டியது குருக்களின் கடிதங்கள், நாட்குறிப்புகள். ஞானஸ்நான ஏடு பங்கில்தான் இருக்கும். ஆனால் பஞ்ச காலத்தில் உங்கள் ஊருக்கு எந்தச் சாமியார் வந்தார், எத்தனை நாள் தங்கினார் என்று தெரிந்தால் ஏட்டில் உள்ள கையெழுத்து யாருடையது என்று பிடித்துவிடலாம். ஆளைத் தெரிந்த பிறகு அவர் கிறுக்கலும் புரியத் தொடங்குகிறது.

2 டிசம்பர் 2022

கொஞ்சம் விலகிப் போகிறேன்.

தாத்தாவின் அக்கா ஒருத்தி பர்மா போனாள், திரும்பவில்லை என்பது மட்டும் வீட்டில் தெரியும். 1906 ஏட்டில் அவளுடைய ஞானஸ்நான வரியைப் பார்த்தேன். ஓரத்தில் வேறு மையில், வேறு கையெழுத்தில் சின்னதாக: 1925, ரங்கூன், கணவன் பெயர். 1908 முதல் ஒரு விதி உண்டு. கல்யாணம் எங்கே நடந்தாலும் அந்தப் பங்கிலிருந்து பிறந்த பங்குக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும், ஞானஸ்நான வரிக்குப் பக்கத்தில் அதைக் குறிக்க வேண்டும். ரங்கூனிலிருந்து ஒரு சாமியார் எழுதிய கடிதம் கப்பலேறி, ரயிலேறி, மாட்டுவண்டி ஏறி இந்தக் கரிசல் காட்டுக்கு வந்து, இங்கே ஒரு சாமியார் பேனாவை எடுத்து எழுதியிருக்கிறார்.

(திருத்தம்: எங்கள் ஊர் செம்மண், கரிசல் இல்லை. எழுதும் வேகத்தில் வந்துவிட்டது.)

1942ல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ரங்கூனிலிருந்து நடந்து வந்தவர்கள் எங்கள் ஊரில் நாலு குடும்பம் உண்டு. அவர்களில் அவள் இல்லை. எனக்குக் கிடைத்தது அந்த ஓரக் குறிப்பு மட்டும். ஆனால் கட்டிக் கொடுத்த பெண்கள் எங்கே போனார்கள் என்று தேடுகிறவர்கள் ஓரங்களைப் படிக்காமல் பக்கத்தைப் புரட்டாதீர்கள்.

16 ஏப்ரல் 2023

21 ஆகஸ்ட் குறிப்பு தப்பு. ஆரம்பத்திலிருந்தே தப்பு. அதை அழிக்காமல் விடுகிறேன், இதே தப்பை வேறு யாரும் செய்யக்கூடாது என்று.

நான் ஒரு படி தாண்டிக் குதித்துவிட்டேன். தாத்தா 1909. அவர் அப்பா சூசை எப்போது பிறந்தார், எங்கே கல்யாணம் என்று பார்க்காமல், பெயர் பொருந்துகிறது, ஊர் பொருந்துகிறது என்று நேராக 1877க்குப் போய்விட்டேன். காரணம், கல்யாண ஏடு அப்போது கிடைக்கவில்லை. இப்போது வந்திருக்கிற சாமி பீரோவை ஒழுங்கு செய்தபோது கணக்குப் புத்தகங்களுக்கு அடியில் இருந்திருக்கிறது. போன் பண்ணிச் சொன்னார். மறுநாளே பஸ் ஏறிவிட்டேன்.

1901, சூசை கல்யாணம். பெண் அவருடைய தாய்மாமன் மகள். நமக்கு அது முறை. திருச்சபைச் சட்டத்தில் அது தடை. விலக்கு வாங்கித்தான் கட்ட வேண்டும். அதனால் ஏட்டில் 'இரண்டாம் படியில் இரத்த உறவு, விலக்கு பெற்றது' என்று லத்தீனில் எழுதி, அந்த உறவு எப்படி என்பதையும் இரண்டு வரியில் சொல்லியிருக்கிறார் சாமியார். அன்றைய கணக்கில் பொதுப் பாட்டனிடமிருந்து ஒரு பக்கமாக மட்டும் படி எண்ணுவார்கள், அதனால் மாமன் மகள் இரண்டாம் படி. 1983 சட்டத்தில் இரண்டு பக்கமும் கூட்டி எண்ணுகிறார்கள், அதே உறவு இப்போது நான்காம் படி. அக்கா மகளைக் கட்டியிருந்தால் 'இரண்டாம் படி, முதலாவதைத் தொடுவது' என்று இருக்கும். நம் வீடுகளில் சொந்தத்தில் கட்டாத கல்யாணம் எத்தனை? தடை என்று எழுதி வைத்ததே நமக்கு வம்சாவளி ஆகியிருக்கிறது.

அந்த இரண்டு வரியிலிருந்து: சூசையின் அம்மா பெயர் அன்னா. அவள் தம்பி மகள்தான் மணப்பெண். அன்னாவின் கணவன் பாவுலுஸ் வேறு ஊர்க்காரர்.

வேறு ஊர். 1877 பாவுலுஸ் எங்கள் ஊர்.

சூசையின் ஞானஸ்நானத்தைத் தேடினேன். 1880. அப்பன் பாவுலுஸ், ஊர் அதே வேற்றூர். ஞானத்தகப்பனும் அந்த ஊர்தான். அப்படியென்றால் 1877ல் மறையில் சேர்ந்தவர்? சாவு ஏட்டை எடுத்தேன். 1878 ஜனவரி. பாவுலுஸ், புதிதாக மறையில் சேர்ந்தவர், சுமார் 30, மனைவி இல்லை, காலரா. எங்கள் ஊர்க் கல்லறையில் அடக்கம்.

இரண்டு மாதம்கூட அந்தப் பெயரோடு இருக்கவில்லை.

17 ஏப்ரல் 2023

நேற்றே வீட்டில் சொன்னேன். எல்லாருக்கும் ஒரு பெருமூச்சு. பெரியப்பா மகன் உடனே "நான்தான் சொன்னேனே" என்று கைகூப்புகிற படம் ஐந்து போட்டான். எனக்கு அந்தப் பெருமூச்சு தாங்கவில்லை. எட்டு மாதம் அவரை ஓட்டன் என்று நினைத்திருந்தேன். ஓரியூர் திருவிழாவுக்குப் போனபோது அவரை நினைத்து மெழுகுதிரி ஏற்றினேன். இப்போது அவர் யாருக்கும் பாட்டன் இல்லை.

அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. "எங்க புதைச்சாங்கன்னு போட்டிருக்கா?" என்று கேட்டார். ஊர்க் கல்லறை என்று மட்டும் இருக்கிறது என்றேன்.

30 ஜூலை 2023

ஓட்டனின் ஊர் இருபது கிலோமீட்டர் தள்ளி. அங்கே பழையது கோவாக் கோயில். ஏடு போர்த்துக்கீசியமும் லத்தீனும் கலந்து. எழுத்து பெரிது பெரிதாக, வரிகள் ஏறி இறங்கி. பிரெஞ்சு சாமியாரின் சாய்வெழுத்துக்குப் பழகிய கண் முதலில் திணறியது.

1874ல் பாவுலுஸ், அன்னா கல்யாணம் கிடைத்தது. பாவுலுஸின் அப்பன் பெயர் ஷவேரியுஸ். சவரிமுத்துவோ சவரிராயனோ, தமிழில் என்னவென்று யார் சொல்வது. அதற்கு மேல் ஏடு இல்லை. ஆக என் மகள் கேட்டால் சொல்ல என்னிடம் அவள் உட்பட ஏழு தலைமுறை இருக்கிறது, 1850 பக்கத்தில் நிற்கிறது. அருளானந்தர் கை பட்டதா இல்லையா என்பதற்கு ஏடு பதில் சொல்லாது. அப்பத்தா பேச்சை அப்பத்தா பேச்சாகவே எழுதி வைத்திருக்கிறேன், ஏட்டு வரிகளோடு கலக்காமல்.

ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிந்தது. "எங்கள் ஊர், எங்கள் மண்" என்று நாங்கள் சொல்கிற ஊர் அன்னாவின் ஊர். கல்யாணம் கோவாக் கோயிலில், பிள்ளை ஞானஸ்நானம் எங்கள் ஊரில். பஞ்சத்தில் அங்கே பிழைக்க வழியில்லாமல் பாவுலுஸ் மாமனார் வீட்டோடு வந்துவிட்டார் போலிருக்கிறது. வீட்டோட மாப்பிள்ளை. எங்கள் வீட்டில் அன்னா என்ற பெயரைக்கூட யாரும் கேட்டதில்லை. தாத்தா வீட்டு மனை, கிணறு, கோயிலில் எங்கள் குடும்பத்துக்கு என்று இருக்கிற சப்பர முறை எல்லாம் அவள் வழியில் வந்தது.

6 ஆகஸ்ட் 2023

உங்களுக்கு: பங்கிலிருந்து பதில் வந்தது என்று எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். 1912 வரி கிடைத்ததென்றால் அடுத்து நேராக 1880க்குப் போகாதீர்கள். கல்யாண ஏடு, விலக்குக் குறிப்பு, ஓரம், ஞானப் பெற்றோரின் ஊர், இந்த நாலையும் முடித்துவிட்டு மேலே ஏறுங்கள். ஒரே பெயர், ஒரே ஊர் என்பது ஒன்றுமே இல்லை.

உங்கள் அத்தை "தாது வருஷத்தில் வந்தோம்" என்றாராம். எந்தத் தாது? அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அது வரும். 1876, 1936, 1996. அத்தைக்கு இப்போது எண்பத்தெட்டு என்றால் அவர் சொல்வது அவர் கைக்குழந்தையாக இருந்த 1936ஆகவும் இருக்கலாம். திரும்பக் கேளுங்கள்: "வந்தபோது ரயில் இருந்ததா, யார் தூக்கி வந்தது?" என்று.

3 நவம்பர் 2023

நேற்று கல்லறைத் திருநாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தேன். பூசைக்கு முன்னால் கோயில்பிள்ளை சீட்டு கொடுப்பார், அந்தந்தக் குடும்பம் தங்கள் வீட்டில் இறந்தவர்கள் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும், பீடத்திலிருந்து வாசிப்பார்கள்.

அப்பா எழுத்து இப்போது நடுங்குகிறது, நான் எழுதுகிறேன் என்றேன். விடவில்லை. முட்டி மேல் சீட்டை வைத்து, தாத்தா சின்னப்பன், அப்பத்தா, பூட்டன் சூசை, ஓட்டன் சின்னப்பன் என்று ஒவ்வொன்றாக எழுதினார். "அந்தப் பொம்பள பேரு என்ன?" என்று கேட்டு அன்னா என்று எழுதினார். சீட்டை மடிக்கப் போனவர் நிறுத்தினார். கடைசியில் இன்னொரு சின்னப்பன் எழுதி, எந்தச் சின்னப்பன் என்று தெரிய வேண்டும் என்பதற்காகப் பக்கத்தில் 1878 என்று போட்டார்.

சாமி வருஷத்தை வாசிக்கவில்லை. சின்னப்பன் என்று மட்டும் மூன்றாவது முறையாக வாசித்தார்.